முடிவு என்ன சார்?

"சார், அந்த ஆள் மறுபடியும் லைன்ல இருக்கார்" என்றாள் பத்திரிகை ஆபீஸின் டெலிபோன் பெண்.

"எந்த ஆள்?"

"முடிவு கேக்கற ஆள்."

விமர்சகர் பேனாவை மேஜையில் போட்டார். ஞாயிறுதோறும் நாலு படம், அஞ்சு படம் என்று ஒரு முழுப் பக்கத்துக்குக் கருத்து எழுதுகிறவர். ஆபீஸில் அவருக்குப் பேர் 'கத்தி'. தயாரிப்பாளர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து, மறுநாளே அவர் படத்தைக் கிழித்தவர்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆசிரியர் கூப்பிட்டார். "திட்டறதுன்னா தாராளமா திட்டுங்க. ஆனா கிளைமாக்ஸைப் போட்டு உடைக்காதீங்க. தியேட்டர்காரங்க வந்து ஒரே புலம்பல்."

அன்றிலிருந்து அவர் முடிவை எழுதுவதில்லை. அன்றிலிருந்துதான் இந்த போனும்.

"வணக்கம் சார். போன வாரம் பேங்க் கொள்ளைப் படத்துக்கு ஒண்ணரை நட்சத்திரம் போட்டீங்க, சரி. ஆனா மாட்டினானா, தப்பிச்சானா? அதை எழுதலையே!"

"போய்ப் பாருங்களேன்!"

"அதை விடுங்க சார். இந்த வாரம் அந்த அம்மா-பொண்ணு படம். நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கீங்க. கோவிச்சுக்கிட்டுப் போன பொண்ணு கடைசியில அம்மாவைப் பார்க்க வந்தாளா?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கு சார். லிஃப்ட் ஓட்டறேன். பெரிய ஆஸ்பத்திரி, ரெண்டாம் நம்பர் லிஃப்ட். போன்ல வேண்டாம், நேர்லயே வந்து சொல்லுங்க."

அந்த ஆள் போனை வைத்துவிட்டார்.

"சரியான கிறுக்கு" என்றாள் டெலிபோன் பெண்.

விமர்சகருக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ குறுகுறுப்பு. படம் நல்லா இருக்கா என்று கேட்கிறவர்கள் ஆயிரம் பேர். முடிவை மட்டும் கேட்கிறவன் யார்?

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் போனார்.

இரண்டாம் நம்பர் லிஃப்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலாய் மடித்த பேப்பர். விமர்சகரின் பக்கம்தான்.

"வந்துட்டீங்களா? ஏறுங்க சார்."

எந்த மாடி என்று கேட்காமல் அஞ்சை அழுத்தினார்.

"மேல வார்டுல பதினொரு பேர் சார். ஞாயித்துக்கிழமை நீங்க எழுதினதை நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். நீங்க திட்டினா முழுக் கதையும் வந்துடும். படம் பார்த்த மாதிரியே இருக்கும் அவங்களுக்கு. இப்ப முடிவு இல்லையா, நானே ஏதாவது கட்டி விடறேன். எனக்கு ஏது சார் கற்பனை? எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுடறேன். அந்தக் கொள்ளைக்காரனுக்கு பேங்க் மேனேஜரம்மாவையே கட்டி வெச்சுட்டேன்."

விமர்சகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆறு மாசத்துல டிவியில போட்டுடுவான். அதுவரைக்கும் பொறுத்தா என்னய்யா?"

"அந்த வார்டுல ஆறு மாசம் யாரும் இருந்ததில்ல சார்."

"அதுக்குள்ள குணமாயிடுதா?"

லிஃப்ட்காரர் கதவைத் திறந்தார்.

"இல்ல சார்" என்றார்.

ஜன்னலோரக் கட்டிலில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மாள். முப்பது வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவராம். விமர்சகரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது? பேப்பர் போட்டோவைவிட நரை ஜாஸ்தி."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க. அந்தப் பொண்ணு வந்தாளா?"

விமர்சகர் வாயைத் திறந்தார். படத்தில் அந்தப் பெண் வரும்போது கட்டில் காலி. விரிப்பைக்கூட மடித்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவர் நாலு நட்சத்திரம் கொடுத்தார்.

அம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில், பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். அதன்மேல் தண்ணீர் பாட்டிலும் மருந்துச் சீட்டுகளும் ரொம்ப நாளாகக் குடியிருப்பது போலத் தெரிந்தது.

அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவர் அதில் உட்கார்ந்தார்.

"வந்துட்டா ம்மா."

"எப்போ?"

"ஒரு சாயந்திரம். நல்ல மழை. குடைகூட இல்லாம."

"அம்மா என்ன சொன்னா?"

"திட்டினாங்க. 'இத்தனை நாள் எங்கடி போய்த் தொலைஞ்சே'ன்னு."

அம்மாள் சிரித்தார். "பின்னே, திட்டாம விடுவாளா! அப்புறம்?"

"பஸ்ஸுல வந்தாளா, ரயில்லயா?" எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"பஸ்தாங்க. ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்தா."

முக்கால் மணி நேரம் சொன்னார். அதில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை. லிஃப்ட்காரர் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கீழே இறங்கும்போது விமர்சகர் லிஃப்ட் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"படத்துல அப்படி இல்லய்யா. அவ வர்றதுக்குள்ள அம்மா போயிடறா."

"தெரியும் சார். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. பகல் காட்சி பார்த்துட்டேன்."

விமர்சகர் சட்டென்று திரும்பினார்.

"பார்த்துட்டா என்னைக் கூப்பிட்டீங்க? நான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா?"

"அந்த பயத்துலதான் சார் உள்ள வராம நின்னேன்" என்றார் லிஃப்ட்காரர். "பொண்ணு வந்துட்டான்னு நானே சொல்லிப் பார்த்தேன், அந்தம்மா நம்பலை. 'அந்தப் பேப்பர்காரர் யாருக்காகவும் பொய் சொல்லமாட்டார், அவர் வந்து சொல்லட்டும்'னுட்டாங்க."