டெனிஸ்டனின் பாவசங்கீர்த்தனம்

மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலின் பாவசங்கீர்த்தன அறையில் டெனிஸ்டன் முழந்தாட்படியிட்டான். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமியார் இருமினார்.

“சுவாமி, நான் பாவம் சொல்ல வரேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு.”

“என்ன பயம், மகன்?”

“மூண்டு கிழமையா நித்திரை இல்லை. தனிய இருந்தாலும் ஆக்கள் சிரிக்கிற சத்தம் கேக்குது. மெற்றோ றெயின் வரேக்க தூணை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“ஆரும் தள்ளிப்போடுவினமெண்டோ?”

“இல்லை சுவாமி. நானே பாய்ஞ்சுபோடுவனோ எண்டு.”

சுவாமியார் தட்டியருகே குனிந்தார்.

“வீட்டில சொன்னனீரோ?”

“மனுசிக்குச் சொன்னன். சிரிச்சவ. நீங்களாவது நம்புங்கோ. இண்டைக்கு என்னைத் தனிய விடாதேங்கோ.”

சுவாமியார் எழுந்து வெளியே வந்தார். அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, தோளைப் பிடித்துத் தூக்கினார். டெனிஸ்டன் விம்மி அழுதான். கடைசியில் ஒருவர் நம்பிவிட்டார்.

வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்டதும் சுவாமியார் வாய்விட்டுச் சிரித்தார்.

“அட, நீரே! உம்மட பகிடி வீடியோ ஒண்டையும் நான் பாக்காம விடுறேல்லை. போன மாசம் டொக்டரிட்டப் போய் இப்பிடித்தானே அழுது ஏமாத்தினனீர்!”

தலைமுடியைக் கோதிக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார்.

“கமெராவை எங்க வைச்சிருக்கிறீர்?”