பூனை போன பிறகும் ஈரம்

"மீராக்கா, உங்க பூனையக் கொஞ்சம் கட்டி வைங்க. தினம் காலையில என் காடிக்கு அடியில ஈரம். மூத்திரத்த மிதிச்சிட்டுத்தான் நான் வேலைக்குப் போகணுமா?"

மலேசியாவின் ஸ்கூடாயில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். தேன்மொழி தன் காரைக் காட்டிக் கத்தினாள். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், மீரா பீவி பூனையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

"இது மண்ணுலதான் போகும், தேனு."

"அப்ப நானா போனேன்?"

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். மீரா பீவி தலைகுனிந்து உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து தரை காய்ந்து கிடந்தது.

"கொஞ்சம் சத்தமா பேசினாத்தான் வேலை நடக்குது லா," என்றாள் தேன்மொழி கணவனிடம்.

அடுத்த மாதம் மேம்பாலத்தில் ஏறும்போது கார் ஆவி கக்கியது. இழுத்துக்கொண்டுபோய் கனகராஜின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள்.

அவர் ரேடியேட்டர் வாயில் பம்பைப் பொருத்திக் காற்று அடித்தார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, மெல்ல இறங்கியது. குனிந்து டார்ச் அடித்தார். வாட்டர் பம்ப்புக்குக் கீழே மஞ்சளாக ஒரு சொட்டு.

"ரொம்ப நாளா கூலண்ட் ஒழுகியிருக்கும்மா. கீழ ஈரத்தப் பாக்கலியா?"

"பாத்தேன். பூனை மூத்திரம்னு நெனச்சேன்."

கனகராஜ் சிரிக்கவில்லை. "இது இனிக்கும், ஆனா விஷம். பூனை நக்குச்சுன்னா பிழைக்காது."

அந்தப் பூனையைக் கொஞ்ச நாளாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தேன்மொழிக்கு உறைத்தது. வாட்டர் பம்ப்பை மாற்றி முடிக்கும்வரை அவளால் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் போய் நின்றாள்.

"அக்கா, பூனை எங்க?"

"சாஆ ஊருல, தங்கச்சி வீட்டுல. நீ சத்தம் போட்ட அன்னிக்கே அனுப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கு."

தேன்மொழிக்கு மூச்சு வந்தது.

"அது மூத்திரம் இல்லக்கா. என் காடிதான் ஒழுகியிருக்கு. மன்னிச்சிருங்க."

"பூனை வேலை இல்லன்னு தெரியும். அது போன மறுநாளும் ஈரம் இருந்துச்சே. காடி ஏர்கோன் தண்ணியா இருக்கும்னு நெனச்சேன்."

"ஆனா நான் வர்றப்ப தரை காஞ்சிருந்துச்சே?"

"விடியறதுக்கு முன்ன சுபுஹு தொழுதுட்டு வந்து, சுவர் மேலருந்து மாப்ப நீட்டித் தொடச்சிருவேன்."

"என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமேக்கா. ஏன் தொடச்சீங்க?"

மீரா பீவி எதிர்வீட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தன பேரு கேக்கப் பேசிட்டே. திரும்பவும் ஈரத்தப் பாத்தா ஒனக்கு வெக்கமா இருக்குமேன்னுதான்."