மோதிர விரல்

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் மூத்த டெக்னீஷியன், எல்லோருக்கும் கேட்கும்படி. கூட வேலை பார்க்கும் இருவரும் சிரித்தார்கள்.

இளைய டெக்னீஷியனான அவள் திரும்பவில்லை. கதிரியக்க மருந்தை அளந்து ஊசியில் நிரப்பித் தரும் மெஷின் முன்னால் நின்றிருந்தாள். அவர்கள் ஆமை என்று கேலி செய்த அது, ஈயப் பெட்டிக்குள் நிதானமாக முனகிக்கொண்டிருந்தது.

வெளியே ஸ்கேனுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"தள்ளும்மா, கையால நிமிஷத்துல எடுத்துத் தரேன்."

"வேண்டாம்ணே. அதுவே எடுக்கட்டும்."

"இத்தனை வருஷமா கையாலதான் எடுக்கறேன். கொம்பா முளைச்சிடுச்சு எனக்கு?"

"கொம்பு முளைச்சாத் தெரிஞ்சிடும்ணே. இது தெரியாதே."

பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும் அந்த மருந்து. சூடில்லை, வாசமில்லை. அதனாலேயே யாருக்கும் பயமில்லை.

மெஷின் சோதனை முறையில் வந்திருந்தது. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று பிரிவின் தலைமை டாக்டர் இன்று சொல்ல வேண்டும்.

அவர் உள்ளே வந்தார்.

"மோதிரக் கணக்கு வந்திருக்கு," என்றார். விரலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டும் மோதிரம் அது. மருந்தைத் தொடுகிறவர்கள் கையுறைக்குள் போட்டிருக்க வேண்டும்.

"மெஷினை விடாம உபயோகிச்சது நீங்க ஒருத்தர்தான். உங்க மோதிரத்துலதான் அளவு ஏறியிருக்கு. கையால எடுத்த இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் இந்த மெஷின் எதுக்கும்மா?"

"ஓடு இருந்தும் ஆமைக்குப் பிரயோஜனமில்ல சார்," என்றார் மூத்தவர்.

அவள் கையுறையைக் கழற்றினாள். மெஷின் போய்விட்டால் நாளை முதல் அவளும் கையால்தான் எடுக்க வேண்டும்.

"தாராளமா அனுப்பிடுங்க டாக்டர். அதுக்கு முன்னாடி எல்லாரும் கிளவுஸைக் கழட்டிக் கையை நீட்டட்டும்."

"எதுக்கு?"

"கையால எடுக்கறவங்களுக்கு ஒண்ணுமே படலைன்னா, அது எப்படின்னு பார்த்துடலாமே."

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மூத்தவர்தான் கடைசி.

அவள் விரலில் மட்டும் மோதிரம் இருந்தது.

"அளவு ஏறினா வேற பிரிவுக்கு மாத்திடுவாங்களே சார்," மூத்தவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதான் லாக்கர்லயே வெச்சிடறது. இதைப் போய் இவ இப்படிப் போட்டு உடைப்பான்னு நினைக்கல."

"இத்தனை நாள் உடைக்கலியேண்ணே," என்றாள் அவள். "இன்னிக்கும் வாயை மூடிக்கிட்டா மெஷின் போயிடும். அப்புறம் உங்க விரலுக்கு யாரு பொறுப்பு?"

மூத்தவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போடறது நீங்க. உங்களுக்கும் ஒரு மோதிரம் கொடுத்திருக்காங்க, டாக்டர். உங்க கணக்குலயும் ஒண்ணுமில்லையா?"



"மெஷின் இங்கேயே இருக்கட்டும்," என்றார் டாக்டர், கோட்டுப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமலே.