மடித்து எடுத்த அப்பம்

சர்ச்சில் பீடத்தின் முன் முழங்காலிட்டு வாங்கிய திருவிருந்து அப்பத்தை அன்பரசன் வாயில் போடாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும், ஊருக்குப் புதிதாய் வந்திருந்த போதகர் அவரை வாசலில் பிடித்துவிட்டார்.

“எதுக்குங்க அதை எடுத்துனு போறீங்க?”

“என் சம்சாரம் எஸ்தர் படுத்த படுக்கையா கெடக்கறா ஐயா. இதுக்குத்தான் ஏங்கறா.”

“பீடம்ங்கிறது பந்தி மாதிரிங்க. எல்லாரும் ஒண்ணா அங்கியே சாப்பிடணும். வர முடியாதவங்களுக்கு நாங்களே பந்தியை வீட்டுக்குக் கொண்டுட்டு வருவோம். சொல்லியிருக்கலாமே!”

அன்று மாலையே வேங்கிக்காலில் இருந்த அவர்கள் வீட்டில், கட்டிலருகே முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, போதகர் எஸ்தருக்கு அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார். பிறகு, “காலையில முட்டி போட்டு வாங்கினீங்களே, இப்ப நீங்களும் சாப்பிடுங்க,” என்று அன்பரசன் பக்கம் அப்பத்தை நீட்டினார்.

“அவர் ஞானஸ்நானம் வாங்காதவருங்க, ஐயா,” என்றாள் எஸ்தர். “இருபது வருஷமா என்னையே சர்ச்சுக்கு விடாதவரு. இன்னிக்கு அங்க வந்து முட்டி போட்டாரா?”

அன்பரசன் தலைகுனிந்தார்.

“எங்க கோயில்ல திருநீறை அப்படித்தானே மடிச்சு எடுத்துனு வருவோம்!”