லேசான தலைசுற்றல்

ஒரே ஒரு மாடிதான். ஆனாலும் அக்கா படியேற மறுத்து, லிஃப்ட் வரும்வரை தம்பியையும் நிற்கவைத்துவிட்டாள்.

ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரையை ஆட்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் அலுவலகம் அது. சோதனையில் சேரத் தம்பி வந்திருந்தான். அதிகாரி ஒப்புதல் படிவத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

"பேனாவை மூடுடா," என்றாள் அக்கா. "சார், பக்க விளைவு என்னன்னு முதல்ல படிங்க."

"முதல் கட்டத்துல ஒரே ஒருத்தருக்கு லேசான தலைசுத்தல். கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் சரியாயிடுச்சு. அவ்வளவுதாம்மா."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"பெரிய டாக்டருங்க எழுதினது. நீங்க எதுக்கு இப்படிக் குடையுறீங்க? என்ன வேலை பார்க்குறீங்க?"

"தையல் வேலை. ஒரு தையல் கோணினாலும் பிரிச்சுட்டுத்தான் மறுபடி தைப்பேன். அந்த 'லேசான'ங்கறதை அடிங்க."

"அச்சடிச்சதை மாத்த முடியாதும்மா. இஷ்டம் இல்லன்னா கிளம்புங்க."

"கிளம்ப மாட்டேன். மருந்து எங்களுக்கு வேணும். பொய்தான் வேண்டாம்."

"பொய்யா? அந்த ஆளை நீங்க பார்த்தீங்களா?"

அக்கா தம்பியின் பேனாவை வாங்கி, 'லேசான' என்ற சொல்லின் மேல் தாள் கிழியுமளவுக்கு அழுத்திக் கோடு போட்டாள். பிறகு படிவத்தை அதிகாரியின் பக்கம் தள்ளினாள்.

"அவ உட்காரல சார். இதே கட்டடத்துப் படியில பதினாலு படி உருண்டா. இடுப்பெலும்புல தகடு வச்சிருக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. அந்த ஒருத்தர் நான்தான்."