டின்னில் ஊற்றிய டீ

அவள் அப்பாவின் டீயை ஜாம் டின்னில் ஊற்றினாள்.

மற்ற நான்கு பேருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கினாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. அவ்வளவு ஆத்திரம்.

முன்னறையில் அப்பாவின் குரல் ஓங்கிக்கொண்டே போனது. டர்பன் ஸ்டேஷனை ஒட்டிய வெள்ளைக்காரன் கடையில் காலையில் நடந்ததை நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனவரை உள்ளே விடவில்லை. பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு ஜாம் டின்னில் டீயை நீட்டினானாம். அதை அப்படியே அவன் சுவரில் விட்டெறிந்துவிட்டு வந்தாராம்.

எதிரே உட்கார்ந்திருந்த இந்தியர் சங்கத்து ஆட்கள் நால்வரும் மூச்சுக்கு மூச்சு சபாஷ் போட்டார்கள். ஒருவர் மாஜிஸ்திரேட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

காலையில் முதல் தடவை கேட்டபோது அவளுக்கும் ரத்தம் கொதித்தது. இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப் போனாள்.

டீ போட அடுக்களைக்குள் வரும்வரைதான் அந்தப் பூரிப்பு.

பின்வாசல் ஆணியில் டின் தொங்கிக்கொண்டிருந்தது.

துணி துவைக்க வரும் ஜூலுக்காரி நொம்சாவின் டின். அம்மா மேலேயிருந்து தூக்கி ஊற்றுவாள், தன் கை பட்டுவிடாமல். நொம்சா கொல்லைப் படியில் உட்கார்ந்து குடிப்பாள். குடித்து, கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் மீதே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

தட்டைக் கொண்டுபோய் முன்னறையில் நீட்டினாள்.

நான்கு கோப்பைகளும் போயின.

அப்பாவின் கை டின்னுக்கு மேலே வந்து நின்றது.

பேச்சும் நின்றது.

“நம்ம வீட்டு டின்தாம்ப்பா,” என்றாள். “நொம்சாவுக்கு ஊத்துறது.”

கதவோரம் நின்ற அம்மாவுக்கு முகம் வெளிறியது. மனு எழுதியவர் பேனாவை மூடிவிட்டு டீயில் கவனமானார். கொல்லையில் துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றாள். சுவரில் விட்டெறியட்டும். ஒரே மூச்சில் குடித்துவிடட்டும். எதைச் செய்தாலும் காலையில் அவள் கண்ட அப்பாவாகவே அவர் இருப்பார். அது போதும் அவளுக்கு.

அப்பா ஆட்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

“கழுவினியா?”

ரகசியமாகத்தான் கேட்டார்.

அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள். டின்னை எடுத்து, அத்தனை பேரும் பார்க்க, ஒரு வாய் குடித்தாள்.

தகரம் விரலைச் சுட்டது. விளிம்பு உதட்டைச் சுட்டது.

கீழே வைக்காமல் இன்னொரு வாய் குடித்தாள்.