கோணல் பூ

கடல் உள்வாங்கியதும் நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். ஈர மணலை வாயிலிட்டு, அதிலுள்ள இரையைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் சிறு உருண்டைகளாகத் துப்பும். மற்ற நண்டுகள் கண்ட இடத்தில் துப்பின. செங்காலி என்ற நண்டின் பக்கத்து வளைக்காரி மட்டும் அந்த உருண்டைகளை அடுக்கித் தினம் ஒரு சின்னப் பூ போட்டாள்.

"துப்புற மண்ணுல என்னடி அலங்காரம்? அலை வந்தா போயிடப்போகுது" என்பாள் செங்காலி.

"போனா நாளைக்கு வேற போடுறேன். நீயும் ஒண்ணு போட்டுப் பாரேன்."

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாரு."

செங்காலிக்கு ஆசை இல்லாமல் இல்லை. கோணலாக வந்தால் இவள் சிரிப்பாளே என்று கூச்சம்.

ஒரு நாள், பூவில் ஓர் இதழ் பாக்கியிருந்தபோது, உள்ளான் பறவை ஒன்று வந்து பக்கத்து வளைக்காரியைக் கொத்திக்கொண்டு பறந்தது. வளைக்குள் பதுங்கிய செங்காலி மெல்ல எட்டிப் பார்த்தாள். அந்த ஓர் இதழைப் போட்டுவிடலாமா என்று தயங்கி நிற்கும்போதே அலை வந்துவிட்டது.

மறுநாள் அவளுக்குப் பசியில்லை. ஆனாலும் தின்றாள், உருண்டை வேண்டுமே. தினமும் பார்த்த பூதான், ஆனால் எங்கே தொடங்குவது என்று கால்களுக்குத் தெரியவில்லை. இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

அந்தப் பக்கமாகப் போன ஒரு நண்டு நின்று பார்த்தது.

"இது என்ன, மிதிபட்ட பூவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தது.

செங்காலிக்குக் கோபம் வரவில்லை. அடுத்த உருண்டையைத் தள்ளினாள். இந்தச் சிரிப்பு பக்கத்து வளையிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.